எழுத்துக்கு ஒருக்கா பாதை ஏறுவதா?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு கொம், டொட்நெட் எல்லாம் எதுக்கு என்று கேட்பீங்க. எங்கட ஊர் விழா மலர்களும் கூத்துப் பிரதிகளும் இன்னும் பாமினி எழுத்துருவில், பழைய வேர்ட் கோப்புகளாகக் கிடக்கு. திரையில் ‘அம்மா’ என்று தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாட்டி வாசிக்க ஏலாது, தேடினாலும் வராது. யுனிகோடில் தமிழ் வந்ததோ 1991இல்!

மாற்றுவதற்கு சீ ஷார்ப்பில் ஒரு நிரல் எழுதினோம். ஓடியது, ஆனால் ஊர்ந்தது. “கணினி பழசு, புதுசு வாங்குங்க” என்றார்கள். பிழை கணினியில் இல்லை.

எங்கட நிரல் ஒரு கரை, வேர்ட் மறுகரை. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கேள்வி: என்ன எழுத்து, என்ன எழுத்துரு? ஒவ்வொரு கேள்வியையும் பொதி கட்டி அனுப்பி, பதிலைப் பிரித்தெடுக்க வேணும். குருமண்வெளித் துறையில் பாதை ஒவ்வொரு ஆளாக ஏற்றிக்கொண்டு மண்டூருக்குப் போய்வந்தால் எப்படியிருக்கும்? ஆகவே பந்தி பந்தியாகக் கேட்டோம். பந்திக்குள் எழுத்துரு கலந்திருந்தால் வேர்ட் பெயரை வெறுமையாகத் தரும். அப்போது மட்டும் உள்ளே இறங்கினால் போதும்.

அடுத்தது, எந்தக் கோப்பில் பாமினி இருக்கு என்று பிரிப்பது. இதற்கு வேர்டைத் திறக்கவே தேவையில்லை. பழைய வேர்ட் கோப்பை ஐஸ்ட்ரீம் என்ற கொம் இடைமுகத்தால் நேரடியாக வாசிக்கலாம், எழுத்துருப் பெயர்கள் உள்ளேயே இருக்கும். டொட்நெட் ஆயத்தமாகத் தரும் ஐஸ்ட்ரீம் அறிவிப்பில், வாசித்த பைட்டுகள் எப்போதும் ஒரு அணியின் தொடக்கத்தில்தான் விழும். நடுவில் வேணுமெண்டால் தற்காலிக அணி ஒன்று, மறுகா அதிலிருந்து ஒரு நகல். அதே இடைமுகத்தை நாங்களே மீள அறிவித்து, அணிக்குப் பதிலாக நினைவக முகவரியைக் கொடுத்தால் அந்த நகல் மிச்சம். பிரிசேர்வ்சிக் சேர்த்தால் பிழைக்குறியும் எக்செப்ஷனாக மாறாமல் எண்ணாகவே கைக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. அறிவிப்பில் அடையாள எண்ணும் செயல்களின் வரிசையும் மாறவே கூடாது. கொம் பெயரைப் பார்ப்பதில்லை, எத்தனையாவது இடம் என்றுதான் பார்க்கும். ரீட்டையும் ரைட்டையும் இடம் மாற்றினால், வாசிக்கப் போன நிரல் கோப்பில் எழுதப் பார்க்கும். கூத்துப் பிரதியின் ஒரே பிரதி அதுவாக இருந்தால்? அதனால் நகலில்தான் வேலை, அதையும் வாசிப்புக்கு மட்டும் திறக்க வேணும்.

மீள அறிவிப்பது எல்லாத்துக்கும் மருந்து இல்லை. வேர்ட் மறுகரையில் நிற்கும் வரை வாவியின் அகலம் குறையாது, அங்கே பயணத்தைக் குறைப்பதுதான் வழி. ஐஸ்ட்ரீம் போல நிரலுக்குள்ளேயே ஏறி இயங்கும் இடைமுகங்களில், சின்னச் சின்ன அழைப்புகள் ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் இதன் பலன் தெரியும்.

எங்கட நிலைப்பாடு இதுதான்: ஆயத்தமாக வருவது எல்லாருக்கும் பொதுவாகத் தைத்த சட்டை, எங்கட அளவுக்கு வெட்டித் தைக்க நாங்கள் பழக வேணும். புதுக் கணினிக்குக் காசு சேர்க்க முதல், உங்கட நிரல் எத்தனை தரம் கரை கடக்குது என்று ஒருக்கா எண்ணிப் பாருங்க. பிரதிகளை அறிந்தவர்கள் நாங்கள். நிரல் எழுதுறவங்களோட பக்கத்தில் குந்தி, அந்தக் கணக்கையும் நாங்களே பார்ப்போம்.