ஸ்பேர் சர்வர் இருந்தும் மார்க்கெட் ஏன் நின்னுச்சு? - ஃபெயில்ஓவர் சொல்லும் பாடம்!

2021 பிப்ரவரி 24, காலை 11.40 மணி. தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ-யில் வர்த்தகம் அப்படியே நின்றது. மீண்டும் தொடங்கியபோது மாலை 3.45. அன்று மட்டும் 5 மணி வரை நேரத்தை நீட்டித்தார்கள். ஆனால், வழக்கம்போல 3.30-க்கு முடிந்துவிடும் என்று நினைத்த பல புரோக்கர்கள், அதற்குள் வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே பொசிஷன்களை பி.எஸ்.இ-யில் முடித்துவிட்டார்கள். அன்னைக்குக் காசு விட்டவங்க கேட்டது ஒண்ணுதான்... 'இவ்ளோ பெரிய இடத்துல ஸ்பேர் சர்வர்கூடவா இல்லை?'

இருந்தது பாஸ்! அதுவும் நம்ம சென்னையில். இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் இணைப்புகளில் கோளாறு என்று என்.எஸ்.இ விளக்கம் சொன்னது. 'சரி, மாற்று மையத்துக்கு ஏன் மாறவில்லை?' என்று கேட்டது செபி.

மாறுவது அவ்வளவு கஷ்டமா?

ஒரே வேலைக்காகச் சில சர்வர்களைச் சேர்த்துக் கட்டினால், அது கிளஸ்டர். 'நான் உயிரோடதான் இருக்கேன்' என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதுதான் ஹார்ட்பீட். அது நின்றால், அடுத்த சர்வர் பொறுப்பை ஏற்பதுதான் ஃபெயில்ஓவர். என்னென்ன, எந்த வரிசையில் கைமாற வேண்டும் என்பதை முன்பே செட் பண்ணி வைக்கணும். முதலில் ஸ்டோரேஜ், அடுத்து டேட்டாபேஸ், கடைசியாக நீங்கள் வந்து சேரும் ஐ.பி முகவரி. வரிசை மாறினால், சரக்கே வராத கடைக்கு ஷட்டரைத் தூக்கின கதைதான்.

சிக்கல் எங்கே தெரியுமா? ஹார்ட்பீட் நின்றால் சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நடுவில் கேபிள் மட்டும் அறுந்திருக்கலாம். அப்போது ரெண்டுமே 'இனி நான்தான் தலைவர்' என்று டேட்டாவை எழுத ஆரம்பித்தால், கணக்கு குளறுபடிதான். இதற்குப் பெயர் ஸ்பிளிட் பிரெயின். அதனால்தான் மூன்று சர்வர் வைத்துப் பெரும்பான்மை பார்க்கிறார்கள். சந்தேகத்துக்குரிய சர்வரின் கரன்ட்டையே கட் பண்ணிவிட்டுத்தான் அடுத்தது பொறுப்பேற்கும் என்றும் செட் பண்ணுகிறார்கள்.

அவசரப்பட்டாலும் ஆபத்து!

2018 அக்டோபர் 21, அமெரிக்கா. கிட்ஹப் தளத்தின் கிழக்குக் கடற்கரை டேட்டா சென்டருக்கான இணைப்பு வெறும் 43 நொடிகள் அறுந்தது. ஆட்டோமேட்டிக் சிஸ்டம் பெரும்பான்மை பார்த்தே, தலைமையை மேற்குக் கடற்கரைக்கு மாற்றியது. ஆனால், கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட டேட்டா மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிதாக எழுதியது கிழக்கில் இல்லை. டேட்டாவைக் காப்பாற்றுவதுதான் முக்கியம் என்று நிதானமாகச் சரிசெய்தார்கள். 43 நொடிக் கோளாறு, 24 மணி நேரம் 11 நிமிடப் பாதிப்பாக முடிந்தது. யார் தலைவர் என்று மெஜாரிட்டி சொல்லிடும். டேட்டா முழுசா வந்துடுச்சான்னு அது சொல்லாது.

அங்கே அவசரம், இங்கே மாறவே இல்லை. ரெண்டு இடத்திலும் ஸ்பேர் மெஷின் இருந்தது. எப்போது மாறணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும் என்ற முடிவில்தான் விஷயமே இருக்கு. 2021 மார்ச்சில் செபி அதற்கு ஒரு கணக்கு வைத்தது. முக்கிய சிஸ்டம் முடங்கினால், பங்குச் சந்தைகள் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவிக்கணும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் சேவையை மீட்கணும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை நடந்த சிறப்பு வர்த்தகத்தில், பாதியில் மாற்று மையத்துக்கு மாறி நிஜ வர்த்தகத்தையே நடத்திப் பார்த்தது என்.எஸ்.இ. ஒத்திகை என்றால் அதுதான் ஒத்திகை.

இனி ஒரு ஆப் முடங்கினால் 'பேக்கப் இருக்கா?' என்று மட்டும் கேட்காதீங்க. 'கடைசியா எப்போ மாத்திப் பார்த்தீங்க?' என்று கேளுங்க. அப்படியே உங்க போனையும் ஒருமுறை பாருங்க. போட்டோ எல்லாம் பேக்கப்ல இருக்குன்னு நம்புறீங்களே... அதிலிருந்து ஒரு போட்டோவையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கீங்களா?