பாண்டிக்குப் போய்த் திரும்பினால் போதுமா?

பட்டணத்திலிருந்து பாண்டிச்சேரிக்குச் சைக்கிளில் போய் அன்றைக்கே திரும்புவது என்றால், ஒரு காலத்தில் அது யாரோ ஒரு முரடன் பந்தயம் கட்டிச் செய்கிற காரியம். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, பையில் இரண்டு டியூபும் ஒரு பம்பும். இந்தக் கோலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர்களும் வரிசை வரிசையாக மிதித்துப் போகிறார்கள்.

இவர்களில் சிலருடைய குறி பாண்டிச்சேரி அல்ல, பிரெஞ்சு தேசத்துப் பாரிஸ்! பாரிஸில் அல்லது அதற்கு அருகே புறப்பட்டு, அட்லாண்டிக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகத்தைத் தொட்டு, மறுபடியும் பாரிஸ் பக்கம் வந்து சேர வேண்டும். தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். அவகாசம் 90 மணி. உண்பது, உறங்குவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 1891-ல் ஒரு பாரிஸ் தினசரி இதைப் பந்தயமாக ஆரம்பித்து வைத்தது. ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிஷத்தில் முதலாவதாக வந்தார். அந்தத் தினசரி மறைந்துவிட்டது. பந்தய வீரர்களும் 1951-க்குப் பிறகு விலகிக்கொண்டார்கள். சாமானிய சைக்கிள் அன்பர்கள் மட்டும் விடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இந்த யாத்திரைக்கு 2019-லும் 2023-லும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். அவர்களில் பலர் குறித்த நேரத்துக்குள் முடிக்க இயலாமல் திரும்பினார்கள்.

ஏன் இயலவில்லை? தேக பலம் குறைவு என்று சொல்லிவிட முடியாது. போவதற்கு முன்பே 200 கிலோமீட்டரை 13½ மணியிலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடித்துக் காட்டியவர்களைத்தான் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். சோப்ளாங்கிகள் இந்தச் சல்லடையில் தங்க மாட்டார்கள். குறை பழகிய பாதையில் இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்குப் பாண்டிச்சேரி கையில் கிடைத்த வரம். போக 150, வர 150, கணக்காக 300. வழியும் சாமானியமானதல்ல. முட்டுக்காட்டுப் பாலத்தில் ஏறும்போது கழிமுகத்து நீரில் கிழக்கு வெளுக்கிறது. மாமல்லபுரத்தில் பலகாரம். கல்பாக்கம் தாண்டினால் பாலாற்றின் அகன்ற மணல். கடப்பாக்கத்துப் பக்கம் சற்று ஒதுங்கினால், கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை. மரக்காணத்தில் உப்பளங்கள். பங்குனி வெயிலில் பாத்தியோரம் குவித்த உப்பு கண்ணைக் கூச வைக்கும். அப்புறம் கழுவேலி. நல்ல மழை பெய்த வருஷத்தில் நீரும் நாணலும் பறவைகளுமாய் அது கிடக்கிற கிடப்பைப் பார்த்தவன் சைக்கிளை விட்டு இறங்காமல் போனால், அவனுக்குக் கால் இருக்கிறது, கண் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த அழகிய சாலை ஆளை ஏமாற்றும் சாலையும்கூட. ஆரம்பம் முதல் முடிவு வரை சமதளம். காற்று ஒன்றுதான் எதிரி. அதுவும் தை மாதத்தில் வாடை முதுகைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாண்டியில் சேர்த்துவிட்டு, திரும்பும்போது வட்டியும் முதலுமாக வசூலிக்கும். பிரெஸ்ட் பாதையிலோ பெரிய மலை எதுவும் இல்லை, சமதளமும் இல்லை. ஒரு மேடு, ஒரு இறக்கம், உடனே இன்னொரு மேடு. ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டினால் 10,000 மீட்டருக்கு மேல் போகும். எவரெஸ்ட் சிகரமே 8,849 மீட்டர்தான்! ஆகஸ்டு மாதமானாலும் பிரிட்டனி நாட்டு நள்ளிரவில் விரல் விறைக்கும். 2007-ல் மழை வேறு விடாமல் அடித்தது.

ஆகையால் பாரிஸை மனத்தில் வைத்திருப்பவர் பாண்டிச் சாலையையே பத்துத் தடவை அளப்பதில் பிரயோஜனம் சொற்பம். ஒரு தடவை அழகுக்காகப் போகட்டும். அடுத்த தடவை செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகலாம். ஏலகிரியின் 14 கொண்டைஊசி வளைவுகளை ஒரே நாளில் இரண்டு முறை ஏறலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்குத் துணிந்தால் இன்னும் விசேஷம்.

வழியில் டீக்கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்.

“ஏன் தம்பி, முதல்ல வந்தா என்ன கொடுப்பாங்க?”

“முதல் இடம்னு ஒண்ணு கிடையாதுண்ணே. ஒரு மெடல் உண்டு. அதுக்கும் நாமதான் பணம் கட்டணும்.”

கடைக்காரர் டீக்குக் காசு வாங்கத் தயங்குவார். பைத்தியத்திடம் காசு வாங்குவது பாவமல்லவா! பிரெஞ்சுக் கிராமத்துக்காரர்கள் இதில் பழகிப்போனவர்கள். நடுநிசியிலும் வீட்டு வாசலில் மேஜை போட்டு, முன்பின் தெரியாதவனுக்குக் காப்பியும் கேக்கும் கொடுக்கிறார்கள்.

மேட்டையும் குளிரையும்விடப் பொல்லாதது தூக்கம். இரண்டாவது இரவில் கண் திறந்தபடியே மூளை உறங்கிவிடும். இரவில் விளக்கும் ஒளிரும் மேலாடையும் வேண்டும் என்பது இந்தச் சவாரிகளில் கட்டாய விதி. ஆனால் உறங்கிக்கொண்டே லாரியின் குறுக்கே போகிறவனை எந்த விளக்கு காப்பாற்றும்? பலர் பயிற்சியில் தூக்கத்தை வெல்வதைப் பற்றியே பேசுகிறார்கள். அது வீண் ஜம்பம். எந்த நேரத்தில், எங்கே படுப்பது, எத்தனை நிமிஷத்தில் எழுந்திருப்பது என்பதையும் மிதிப்பதைப் போலவே பழக வேண்டும். 300-ஐ 15 மணியில் முடித்துவிட்டு மார்தட்டுவதைவிட, நடுவே அரை மணி படுத்து எழுந்து 18 மணியில் வருகிறவர்தான் பாரிஸுக்குத் தயாராகிறார். வெட்கப்பட ஒன்றுமில்லை. மரக்காணத்தில் ஒரு கடை வாசல் பெஞ்சு போதும்; கொசுதான் கொஞ்சம் அதிகம்.