ஷார்ட்கட்டைத் தொடாதீங்க: பென் டிரைவில் வைரஸ் பரவுவது எப்படி?

பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. ‘ஃபைல் எல்லாம் போச்சே’ என்று பதறி, அதையே கிளிக் செய்கிறோம். வைரஸ் காத்திருப்பது அதற்காகத்தான்.

உண்மையில் ஃபைல்கள் எங்கும் போகவில்லை. பென் டிரைவில் ஏறிய ‘வோர்ம்’ அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. கிளிக் செய்தால் ஃபோல்டர் திறக்கும். கூடவே வோர்மும் கம்ப்யூட்டருக்குள் நுழையும். அடுத்து செருகும் ஒவ்வொரு பென் டிரைவிலும் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும்.

‘நம்ம கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டே இல்லையே’ என்கிறீர்களா? ஈரானின் நடான்ஸ் அணுசக்தி மையத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகளும் இணையத்தோடு இணைக்கப்படாதவைதான். அங்குள்ள சென்ட்ரிஃபியூஜ்களைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட், 2010-ல் வெளிச்சத்துக்கு வந்தது. பென் டிரைவில் உள்ள ஐகான் திரையில் தெரிந்தாலே அது உள்ளே புகுந்துவிடும், கிளிக்கூட தேவையில்லை. அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு அடைத்தது. ஆனால், அப்டேட் செய்யாத கணினிக்கு அதனால் என்ன பயன்?

வாடிக்கையாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நாளெல்லாம் ஊரார் பென் டிரைவைச் செருகும் கடைக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸும் அப்டேட்டும் கட்டாயம் வேண்டும். நாமும் போனில் இருந்தே கடையின் மெயிலுக்கு ஃபைலை அனுப்பலாம். ஷார்ட்கட் தெரிந்தால் கிளிக் பண்ணாமல், முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மறைந்த ஃபைல்களைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.