பெயர்ப்பலகைக்குக் கட்டும் பணம்

மூளை எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு நம் ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ‘டாக்டர் சீட் கிடைக்காதவங்க பேசுற பேச்சு இது’ என்பது ஒன்று. அதை விட்டுத்தள்ளலாம். இரண்டாவது பதில் அக்கறையோடு வருவதால் அதுதான் ஆபத்தானது. “நியூரோசயின்ஸா? நல்லாப் படிக்கணும்னா வெளிநாடு போகணும். இங்கேயேன்னா, அந்தப் பேர்லயே டிகிரி தர்ற பிரைவேட் யுனிவர்சிட்டிதான். லட்சக்கணக்குல ஆகும்ப்பா.” மாமா சொல்கிறார், டியூஷன் வாத்தியார் சொல்கிறார், கடைசியில் பிள்ளையும் நம்பிவிடுகிறது. பிறகு அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தேடுகிறார். பத்திரம் இல்லாத வீட்டில் பிள்ளை பி.காம். சேர்கிறது.

பட்டத்தின் பெயரில் நியூரோசயின்ஸ் இருந்தாக வேண்டும், கட்டணம் ஏற ஏறத் தரமும் ஏறும் என்பவை ஒரே நம்பிக்கையின் இரண்டு கால்கள். இரண்டுமே ஊனம். ஆனாலும் அது நன்றாக நடக்கிறது, ஏனென்றால் அதைக் கைபிடித்து நடத்திச் செல்ல ஒரு வியாபாரம் இருக்கிறது.

பிளஸ் டூ முடிவு வரும் பருவத்தில் ஏதாவது ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். வழவழப்பான கையேடு, அட்டையில் நீல நிறத்தில் ஒளிரும் மூளை. மேசைக்குப் பின்னால் டை கட்டிய இளைஞர். “சார், ஜுவாலஜி எல்லாம் பழைய படிப்பு. இதுல பிரெயினும் இருக்கு, ஏஐயும் இருக்கு.” அப்பா தயங்கியபடி கேட்கிறார்: “வேலை கிடைக்குங்களா?” “இதுக்குத்தான் சார் இப்போ ஸ்கோப்பே!” கையேட்டைப் புரட்டினால் நீச்சல் குளம் இருக்கிறது, ஏ.சி. விடுதி இருக்கிறது. நரம்பு செல்லின் மின் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றாவது அங்கே இருக்கிறதா, பாடம் நடத்துபவர்களில் யாராவது மூளை குறித்து ஆய்வு செய்கிறாரா என்பதற்கு ஒரு வரி கிடையாது. கட்டணம் கடைசிப் பக்கத்தில், விடுதிக் கட்டணம் தனி. அப்பாவும் அந்த வரியைத் தேடுவதில்லை. பெயர் இருக்கிறது, போதும்.

அந்தப் பெயரின் வயது என்ன? இளநிலையில் நியூரோசயின்ஸை ஒரு தனிப் பாடமாக முதலில் வைத்தது அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி என்பார்கள், ஆண்டு 1973. நரம்பு வழியே சேதி எப்படி மின் துடிப்பாகப் பாய்கிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சமன்பாடுகளாக எழுதி வெளியிட்டதோ 1952இல். இருபது ஆண்டுக்கும் மேலே முந்தி. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஹக்ஸ்லி அந்தச் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்த்தார். நினைவாற்றல் ஆய்வுக்காக நோபல் வாங்கிய எரிக் காண்டெல் ஹார்வர்டில் இளநிலையில் படித்தது வரலாறும் இலக்கியமும்; மருத்துவம் அதன் பிறகுதான்.

அவர்கள் வெள்ளைக்காரர்கள், அந்தக் காலம் வேறு என்பீர்கள். இங்கேயே பார்ப்போம். ஒபைத் சித்திக்கி அலிகரில் தாவரவியல் படித்தவர். பழ ஈக்களை வைத்து நரம்பு மரபியலை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் அவர்தான். சூடு ஏறினால் பொத்தென்று விழுந்து முடங்கிவிடும், குளிர்ந்தால் எழுந்து பறக்கும் விந்தையான ஈக்களின் நரம்புக் கோளாறு பற்றி 1976இல் சீமோர் பென்சரோடு சேர்ந்து அவர் கட்டுரை வெளியிட்டார். பென்சர் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். ஒரு தாவரவியல்காரர், ஒரு இயற்பியல்காரர், வாழைப்பழத் தோல் கிடந்தாலே வந்து மொய்க்கும் ஒரு பூச்சி. மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நிறுவன இயக்குநராக இருந்து வளர்த்து, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2009இல் நரம்பறிவியல் மையத்தைத் தொடங்கிய விஜயலட்சுமி ரவீந்திரநாத், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற உயிர்வேதியியலாளர். கருவில் இருக்கும் மனித மூளையைச் சீவல் சீவலாகப் படமெடுத்து 2024இல் ‘தரணி’ என்ற வரைபடத் தொகுப்பை வெளியிட்ட சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையத்துக்குத் தலைவர் ஒரு மின்பொறியியல் பேராசிரியர். பட்டத்தின் பெயர்தான் வாசல் என்றால் இவர்களில் ஒருவரும் உள்ளே வந்திருக்க முடியாது.

பெரியவர்களின் கதை விதிவிலக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு இன்றைய சேர்க்கை விதிகளையே காட்டலாம். மானேசர் மையம் எம்.எஸ்சி. நரம்பறிவியல் நடத்துகிறது. இளநிலையில் நரம்பறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. பெங்களூரு கழகத்தின் முனைவர் படிப்பிலும் இல்லை. இயற்பியல், பொறியியல், உயிரியல், மருத்துவம் என்று பல திசைகளிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள்.

ஏன் எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூளைக்குள் ஒரு மின்முனையைச் செருகினால் ஒரு செல்லின் குரல் மட்டும் கேட்காது. அக்கம்பக்கத்தில் உள்ள நாலைந்து செல்களின் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எந்தத் துடிப்பு எந்தச் செல்லுடையது என்று பிரித்தெடுப்பதே முதல் வேலை. ஒவ்வொரு துடிப்பின் வடிவத்தையும் எண்களாக்கி, ஒன்றுபோல் இருப்பவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்க வேண்டும். இது அணிகளின் கணிதமும் புள்ளியியலும். செல்லின் சவ்வு வழியே அயனிகள் எப்படி நுழைகின்றன என்பது இயற்பியல். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சேதி தாவுவது வேதியியல். எலி ஏன் இடப்பக்கம் திரும்பியது என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரிவது உளவியல். ஒரு ஆய்வகத்துக்கு இவை எல்லாமே வேண்டும், ஆனால் ஒரே ஆளிடம் வேண்டியதில்லை. ஒன்றையாவது ஆழமாகத் தெரிந்த பிள்ளை வந்தால் மற்றதைப் பக்கத்து மேசைக்காரர் சொல்லிக்கொடுப்பார். மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு, வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டால் கண் கலங்கும் பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது? பெயரில் எல்லாம் இருக்கும் இளநிலைப் பட்டங்கள் பலவற்றில் நான் பார்க்கும் பலவீனம் இதுதான்.

இப்போது பணத்துக்கு வருவோம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘இன்ஸ்பயர்’ என்ற திட்டத்தில், பிளஸ் டூவில் தம் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை தருகிறது; அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே. ஆனால் அது அடிப்படை அறிவியல் படிப்போருக்கு மட்டும். எந்தெந்தப் பாடம் என்று பட்டியலே உண்டு: இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று போகும். நியூரோசயின்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மேசைக்காரர் ‘பழைய படிப்பு’ என்று தள்ளிய ஜுவாலஜிக்கு அரசு பணம் தருகிறது. அவர் விற்கும் புதுப் படிப்புக்கு அப்பா கட்ட வேண்டும். இதை அந்தக் கண்காட்சியில் யாரும் சொல்லப்போவதில்லை.

மேலே ஏற ஏற இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையாகிறது. மானேசர் மையத்தில் எம்.எஸ்சி. மாணவருக்கே மாத உதவித்தொகை உண்டு. அங்கிருந்து முனைவர் பட்டத்துக்குப் போனால், 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், பிற்பாடு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அமெரிக்காவில்கூட நரம்பறிவியல் முனைவர் மாணவர் பொதுவாகக் கட்டணம் கட்டுவதில்லை. பல்கலைக்கழகம்தான் அவருக்குச் சம்பளம்போலக் கொடுக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களோடு சேர்ந்து நடக்கும் நரம்பறிவியல் படிப்பு உலகத் தரமானது, ஆங்கிலத்திலேயே நடப்பது; அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் பருவத்துக்கான சிறு கட்டணமே பெரும்பாலும் செலவு. ஜெர்மனியில் படிக்க, ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சுமார் 12,000 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருக்கும் என்பது உண்மை, அது சின்னத் தொகையும் அல்ல. ஆனால் உதவித்தொகை கிடைத்தவருக்கு அந்தக் கவலையும் குறையும். ஆக, இந்தத் துறையில் ஆராய்ச்சி கெட்டியாக நடக்கும் இடங்களில் மாணவருக்குப் பணம் கொடுக்கிறார்கள், அல்லது மிகக் குறைவாகவே வாங்குகிறார்கள். மாணவரிடமிருந்து லட்சம் லட்சமாக வாங்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம். நாமோ தலைகீழாக, வாங்குகிற பணத்தையே தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம்.

மானேசரும் பெங்களூரும் கோயம்புத்தூர்க் கண்காட்சியில் மேசை போடுவதில்லை. அவர்களுக்கு ஆள் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அதனால்தான் நல்லதும் மலிவானதும் நம் காதில் விழுவதே இல்லை. சத்தம் போடுவதற்குக் காசு வைத்திருப்பவர்களின் குரல்தான் கேட்கிறது.

சரி, அந்த இடங்களில் எத்தனை பேரைச் சேர்ப்பார்கள் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பேரைத்தான். நுழைவுத் தேர்வும் நேர்காணலும் கடினம். அதை நான் மறைக்கவில்லை. அந்த நேர்காணலுக்குத் தகுதியாக ஒரு பிள்ளை எப்படி வளரும் என்பதே கேள்வி. 20 லட்சம் செலவழித்து வாங்கிய பெயர் அங்கே எடுபடாது. ஒரு பிரச்சினையைக் கொடுத்து ‘யோசித்துச் சொல்’ என்பார்கள். அடுத்தபடியாக, ‘எந்த ஆய்வகத்தில் என்ன செய்தாய்?’ என்பார்கள்.

இந்த இடத்தில் அரசுக் கல்லூரிகளுக்கு வக்காலத்து வாங்க எனக்கும் மனம் வரவில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் விலங்கியலோ இயற்பியலோ படித்துவிடலாம், உண்மைதான். ஆனால் அலைவுகாட்டி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். கௌரவ விரிவுரையாளர்தான் பாதிப் பாடத்தை இழுத்துக்கொண்டிருப்பார். விலங்கியல் கூடங்களில் அறுத்துப் பார்ப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொன்னது நல்லதற்குத்தான். ஆனால் அந்த இடத்தில் வேறெதையும் கொண்டுவராமல் சுவர்ப் படத்தைக் காட்டியே ரெக்கார்டு நோட்டை முடித்துவைக்கிற கல்லூரிகள் இருக்கின்றன. இதற்காக அரசைத் திட்ட வேண்டும், நன்றாகவே திட்ட வேண்டும். ஆனால் இந்தக் குறைக்கு மருந்து அந்த நீல அட்டைக் கையேடு இல்லை.

குறையைச் சரிக்கட்டுவதற்கான வழிகளும் மலிவானவையே. கரப்பான் பூச்சியின் ஒரு காலை எடுத்து, அதில் இரண்டு குண்டூசிகளைச் செருகி, ஒரு சின்ன ஒலிபெருக்கிச் சுற்றோடு இணைத்தால் போதும். காலில் உள்ள மெல்லிய முட்களைத் தூரிகையால் தொடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம் கேட்கும். அதுதான் நரம்புத் துடிப்பு. மின்னணுவியல் தெரிந்த ஒரு இயற்பியல் மாணவரும் ஒரு விலங்கியல் மாணவரும் சேர்ந்தால் இதைக் கல்லூரிக்குள்ளேயே செய்துவிடலாம். நரம்பு செல்லைக் கணினியில் கட்டிப் பார்க்க ‘நியூரான்’ என்ற மென்பொருள் இலவசம். அமெரிக்காவின் ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் எலி மூளையின் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவ மையம் முழுப் பாடநூலையே இணையத்தில் காசில்லாமல் கொடுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் மூளையைக் கணக்கால் ஆராயும் பேராசிரியர் ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் பாடங்களை என்.பி.டி.இ.எல். என்ற இலவச இணையப் பாடத் தளத்தில் பார்க்கலாம். இத்தனையும் ஒரு பழைய லேப்டாப்பில் ஓடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கதவு கோடை விடுமுறை. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் ஆய்வகங்களுக்கு அனுப்புகின்றன. உதவித்தொகை, ரயில் கட்டணம் இரண்டும் உண்டு. திருவாரூரில் பி.எஸ்சி. படிக்கும் பெண் பெங்களூரு ஆய்வகத்தில் ஈ வளர்க்கும் புட்டிகளைக் கழுவி, நுண்ணோக்கியில் குனிந்து, மாலையில் ஆய்வாளர்கள் அடித்துக்கொள்ளும் விவாதத்தைக் கேட்டுவிட்டு வரலாம். விண்ணப்பத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதை எழுதித் தரும் ஆசிரியர் ஒருவர் கல்லூரியில் இருக்கிறாரா என்பது நீச்சல் குளத்தைவிட முக்கியம்.

எனவே கல்லூரி தேடிப் போகிறவர்கள் மேசைக்காரரிடம் ‘நியூரோசயின்ஸ் இருக்கா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். ‘போன கோடையில் உங்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் வெளி ஆய்வகத்துக்குப் போனார்கள், எந்த ஆய்வகம், யார் அனுப்பினார்?’ என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்த கல்லூரியில், அது மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியே ஆனாலும், கண்ணை மூடிக்கொண்டு இயற்பியலோ கணிதமோ விலங்கியலோ எடுக்கலாம். ‘அது வந்து சார், பிளேஸ்மென்ட் செல்லில் கேட்டுச் சொல்றேன்’ என்று பதில் வந்தால், கையேட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.