ஆஸ்பத்திரிச் சாவும் தலையெழுத்தும்

ஒரு வியாதிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவன், அந்த வியாதி தீர்ந்தும், அங்கேயே ஒட்டிக்கொண்ட வேறொரு வியாதியால் செத்துப் போகிறான் என்றால், அதற்கு ஜனங்கள் சொல்லும் சமாதானம் என்ன? "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்பதேயாகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதையே சற்று நாகரிகமாக, "உடம்பில் சக்தி போதவில்லை" என்பார்கள். இந்தச் சமாதானங்களால் லாபமடைகிறவர் யார்? கை கழுவாதவனும், மேற்பார்வை பாராத நிர்வாகியுமா, அல்லது செத்தவனா என்று கேட்கின்றோம்.

இந்தப் புளுகு இன்று நேற்று உண்டானதல்ல. 1840களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஜுரங் கண்டு ஏராளமாய்ச் செத்தார்கள். ஆகாயத்திலும் பூமியிலும் ஏதோ கோளாறு என்றார்கள் படித்த வைத்தியர்களே. ஆனால், மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டில் சாவு அதிகம். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் குறைவு. ஆகாயக் கோளாறு வார்டு பார்த்தா நுழையும்? பாதிரியார் மணியடித்துப் போவதைக் கேட்ட பயத்தினால் சாகிறார்கள் என்றும் ஒரு யூகம் இருந்தது. ஸெம்மல்வெய்ஸ் என்ற வைத்தியர், பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாய்ப் போகச் செய்து பார்த்தார். சாவு குறையவில்லை. பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணமென்று கண்டு, 1847-ல் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். சாவு விழுந்துவிட்டது. ஆனாலும் பெரிய வைத்தியர்கள் பலர் ஒப்பவில்லை. ஒப்பினால், கொன்ற கை தங்கள் கையென்று ஆகிவிடுமல்லவா?

நிற்க, இந்தக் கிருமி இன்ன இடத்திலிருந்துதான் வந்தது என்று காட்ட அவருக்குச் சாதனம் இல்லை. இன்று இருக்கிறது. கிருமிக்குள் டி.என்.ஏ. என்னும் இழை உண்டு. அதில் நான்கே எழுத்துகள் லட்சக்கணக்கில் மாறி மாறிக் கோத்துக் கிடக்கின்றன. கிருமி ஒன்று இரண்டாகும்போது அந்த ஏடு முழுதும் பிரதி எடுக்கப்படுகின்றது. ஏடு பார்த்து எழுதுகிறவன் எப்போதாவது ஓரெழுத்தைப் பிசகுவதுபோல் அங்கும் பிசகு விழும். அந்தப் பிசகு அடுத்த பிரதிகளிலும் தொடரும். ஆகவே, இரண்டு நோயாளிகளின் கிருமியை எடுத்து முழு ஏட்டையும் ஒத்துப் பார்த்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்ததா, தனித்தனியே வந்ததா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பாக்டீரியா ஒன்றின் முழு ஏடு முதன்முதலில் படிக்கப்பட்டது 1995-ல். அன்று அது பெருங்காரியம்; இன்று சில நாள் வேலை.

அமெரிக்காவில் பெதஸ்டா என்ற ஊரிலுள்ள சர்க்கார் ஆராய்ச்சி ஆஸ்பத்திரிக்கு, 2011 ஜூனில், மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லா என்ற கிருமியோடு ஒரு நோயாளி வந்தார். தனியறையில் வைத்துப் பார்த்து, ஜூலையில் அனுப்பினார்கள். தொல்லை தீர்ந்தது என்றிருக்கையில், ஆகஸ்டில் வேறொருவரிடம் அதே வகைக் கிருமி கண்டது. பிறகு ஒவ்வொருவராக 18 பேர் வரை ஆயிற்று. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் சாவுக்குக் கிருமியே காரணம் என்று முடிவாயிற்று. ஏட்டைப் படித்துப் பார்த்ததில், சுமார் 60 லட்சம் எழுத்துகளில் சொற்ப வித்தியாசமே இருந்தது. எல்லாம் முதல் நோயாளியிடமிருந்து கிளைத்தவையே என்பதும், சிலர் வியாதிக் குறியே இல்லாமல் கிருமியைச் சுமந்திருந்தார்கள் என்பதும் வெளியாயின. சுத்தம் செய்த சுவாச யந்திரத்திலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலுங்கூடக் கிருமி அகப்பட்டது. தலையெழுத்துக்கு வடிகாலில் என்ன வேலை?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ரோஸி ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டிலும் 2011-ல் இதுபோல் நடந்தது. மருந்துக்கு மசியாத வேறொரு கிருமி அது. நன்றாய்ச் சுத்தம் செய்தார்கள். 64 நாள் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒரு குழந்தையிடம் கண்டது. ஏடு, பழைய கிருமியே என்றது. சிப்பந்திகள் 154 பேரைச் சோதித்ததில், ஒருவர் தமக்கே தெரியாமல் அதைச் சுமந்திருந்தார். மருந்து கொடுத்து அதை நீக்கினார்கள்.

இதற்கு ஆட்சேபணை சொல்லுவோர், "செலவாகும்" என்கிறார்கள். ஒரு வார்டையே மூடுவதும், மருந்துக்கு மேல் மருந்தாய்க் கொட்டுவதும் செலவில்லையா? "ஜனங்கள் பயப்படுவார்கள்" என்கிறார்கள். பெதஸ்டாவில் நடந்தது வெளி ஜனங்களுக்குத் தெரிந்ததே 2012 ஆகஸ்டில், ஆராய்ச்சிக் கட்டுரை அச்சான பிறகுதான்! கிருமியைக் கண்டுபிடித்த பாராட்டுக்குரியவர்களே ஒரு வருஷம் வாய் திறக்காதிருந்தால், கண்டுபிடிக்க முயலாதவர்கள் யோக்கியதை என்னவாயிருக்கும்? மறைப்பதால் பயம் நீங்காது, நம்பிக்கைதான் நீங்கும்.

ஆனால் ஒன்று. யந்திரத்தை வாங்கி வைத்துப் பூஜை போடுவதால் பயனில்லை. நோயாளியிடமும் தொட்டியிலும் மாதிரி எடுத்தால்தான் படிக்க ஏடு கிடைக்கும். படித்த பிறகும் கையைக் கழுவத்தான் வேண்டும். அன்றியும், குற்றத்தைத் தோட்டி தலையிலும் நர்ஸ் தலையிலும் கட்டிவிட்டு மேலே இருப்பவர் தப்பிக்க இதை ஆயுதமாக்கக் கூடாது. கேம்பிரிட்ஜில் நடந்ததுபோல், வைத்தியம்தான் வேண்டும், தண்டனை அல்ல.

தலையில் எழுதிய எழுத்தை இதுவரை யாரும் கண்டதுமில்லை, படித்ததுமில்லை. கிருமிக்குள் இருக்கும் எழுத்தையோ படிக்கலாம். படித்துச் சாவைத் தடுக்கலாம். ஆதலால், ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டார் ஒருவர் புதுக் காய்ச்சல் கண்டு கிடந்தால், அழுதுகொண்டு விதியை நோகாதீர்கள். "என்ன கிருமி? எங்கிருந்து வந்தது? இன்னும் யாருக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. கேட்க வேண்டியது உங்கள் உரிமை.