இரண்டாவது மானிட்டர் யாருக்கு?

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு திண்டுக்கல்லில் கூட்டம் சேருவது கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கடைகளில். சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு மானிட்டர். ஒன்றில் டிசைனர் போட்டோஷாப்பில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மற்றொன்றில் வீட்டார் பார்ப்பதற்காகப் படங்கள் முழுத்திரையில் ஓடும். "தம்பி, தாலி கட்டுறப்ப எங்க பெரியத்தை பக்கத்துலயே நின்னாங்களே, அவங்களை ஏன் வெட்டிட்டீங்க?" என்று பஞ்சாயத்து கிளம்புவது அந்த இரண்டாவது மானிட்டரைப் பார்த்துத்தான்.

இந்த ஏற்பாடு எல்லாக் கம்ப்யூட்டரிலும் சுலபமாக வாய்த்துவிடவில்லை. 2011இல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்கான லயன் மென்பொருளில் முழுத்திரை வசதியைப் பெருமையாகக் கொண்டுவந்தது. ஒரு மானிட்டரில் ஒரு செயலியை முழுத்திரையாக்கினால், பக்கத்து மானிட்டரில் சாம்பல் நிறத் துணி விரித்த மாதிரி ஒரு வெற்றுப் பரப்பு வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது திரை சும்மா கிடக்கும். கவனம் சிதறாமல் வேலை பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஒற்றைத் திரைக்காரரை மட்டும் மனதில் வைத்துச் செய்த வேலை அது. 2013 அக்டோபரில் மேவரிக்ஸ் என்ற புதிய பதிப்பு வந்த பிறகுதான் ஒவ்வொரு மானிட்டரும் தனிக்குடித்தனம் போனது. இதில் ஒரு முழுத்திரை, அதில் வேறொரு முழுத்திரை.

தனிக்குடித்தனத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆல்பத்தின் ஒரு விரிப்பு 12க்கு 36 அங்குலம், உயரத்தைப்போல் மூன்று மடங்கு அகலம். இரண்டு மானிட்டரிலும் சேர்த்து விரித்துப் பார்க்கத் தோதான அளவு. இரண்டு மானிட்டருக்கும் நடுவே வரும் விளிம்புக் கோடு, ஆல்பம் மடியும் இடத்திலேயே விழும். அந்த மடிப்பில் யார் முகமும் மாட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேக்கில் ஒரு ஜன்னலை இரண்டு திரைக்கும் குறுக்கே நீட்ட வேண்டுமென்றால் தனிக்குடித்தன அமைப்பை அணைக்க வேண்டும். அணைத்தால், முழுத்திரை போட்டதும் பக்கத்து மானிட்டர் பழையபடி சும்மா கிடக்கும். விண்டோஸில் பெரிதாக்கும் பொத்தான் ஒரு மானிட்டரை மட்டுமே நிரப்பும். மீதியைக் கையால் இழுத்து நீட்ட வேண்டியதுதான். ஜன்னலை அப்படியே அடுத்த திரைக்குத் தள்ள மட்டும் விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஆல்பக் கடைக்காரர்களின் விரல்கள் அதைப் பார்க்காமலே செய்கின்றன.

கல்யாண ஆல்பத்தில் பெரியத்தை விடுபட்டால் மனத்தாங்கலோடு போகும். ஆதார் பதிவு மையத்தில் நேரும் தப்பு அப்படிப் போகாது. அங்கே விண்ணப்பிப்பவரைப் பார்த்தபடி இன்னொரு மானிட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. தட்டச்சு ஆவதை நாம் அப்போதே பார்த்துத் திருத்தலாம். நம் ஊர்ப் பெயர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். சின்னாளபட்டியையும் ஒட்டன்சத்திரத்தையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இனிஷியல் விவகாரம் தனி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறை.

நான் போன ஒரு மையத்தில் அந்த மானிட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் ஏதோ ஒரு முழுத்திரை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா, "கண்ணு, நீ அடிக்கிறது எனக்கும் தெரியுற மாதிரி வைப்பா" என்றார். அந்தப் பையன் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்துத் தட்டி, டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்து, மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலேயே ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.