கல்யாண வீடியோவுக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும். கல்யாண வீடியோவோ பேரன் பேத்தி காலம் வரை இருக்கும்.

தாலி கட்டும் காட்சியை இரண்டாம் முறை படம் பிடிக்க முடியாது. ஆகவே, வீடியோ எடுப்பவரின் பொறுப்பு பெரிது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பெரிய ஏரியை உடைய ஊர் பாரூர். இது போன்ற ஊர்களில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள் உண்டு. "சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும்" என்பது அவர்களுடைய ஆசை.

ஆசை நியாயமானதுதான். ஆனால், அதற்காக வீட்டு நகை அடகுக்குப் போகிறது என்றால், குடும்பமே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கத்தரியும் பசையும்

முன்பு சினிமா, பிலிம் சுருளில் இருந்தது. வேண்டாத பகுதியை வெட்டி எறிவார்கள். வேண்டியதை ஒட்டுவார்கள். சேலத்தில் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் இதுதான் முறை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1994-ல் வெளிவந்த 'மகாநதி' படம் கம்ப்யூட்டரில் தொகுக்கப்பட்டது. அன்று பெரிய கம்பெனிகளால் மட்டுமே முடிந்த அந்த வேலை, இன்று பாரூரில் ஒரு சிறு அறையில் நடக்கலாம்.

ஏன் திணறுகிறது?

வீடியோ என்பது வேகமாக ஓடும் புகைப்படங்களே. பெரும்பாலும் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடும். '4கே' வீடியோவில் ஒவ்வொரு படத்திலும் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 'முழு எச்.டி.' வீடியோவில் சுமார் 21 லட்சம்தான். ஆக, வேலை நான்கு மடங்கு!

இத்தனையையும் கேமரா சுருக்கி, மூட்டையாகக் கட்டி வைக்கிறது. கம்ப்யூட்டர் அந்த மூட்டையை அவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் படம் நின்று நின்று ஓடுகிறது.

சமையல்கட்டைப் பாருங்கள்

கல்யாணச் சமையலுக்குத் தலைமைச் சமையல்காரர் வேண்டும். காய் நறுக்கி வைக்க மேடை வேண்டும். சாமான் அறை பக்கத்தில் இருக்க வேண்டும். கூடமாட ஆட்களும் வேண்டும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். 'பிராசஸர்' தலைமைச் சமையல்காரர். 'ராம்' மேடை. 'எஸ்.எஸ்.டி.' சாமான் அறை. 'கிராபிக்ஸ் கார்டு' கூடமாட ஆட்கள்.

சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மேடை முழம் அகலம்தான் என்றால் பந்தி தாமதமாகும். எச்.டி. வேலைக்கு 16 ஜி.பி. ராம் போதும். 4கே வேலைக்கு 32 ஜி.பி. இருப்பது நல்லது. படங்களை வைத்து வேலை செய்ய, சுழலும் பழைய டிஸ்க்கை விட எஸ்.எஸ்.டி. பல மடங்கு வேகமானது.

கிராபிக்ஸ் கார்டில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். 'டாவின்சி ரிசால்வ்' போன்ற மென்பொருளில் நிறம் திருத்துபவருக்கு அது மிகவும் உதவும். வெறுமே வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பவருக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை. ஆகவே, மென்பொருளை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகுதான் மெஷின்.

காசில்லா வழி

இன்னொரு வழியும் இருக்கிறது. அசல் வீடியோவுக்குச் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே தயாரித்துத் தரும். இதற்குப் 'பிராக்ஸி' என்று பெயர். நகலை வைத்து வெட்டலாம், ஒட்டலாம். கடைசியில் அசல் தரத்திலேயே படம் வெளியே வரும். பழைய கம்ப்யூட்டரே இன்னும் ஓராண்டு உழைக்கக்கூடும்! புதியது வாங்குமுன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

நகல் இல்லாவிட்டால்?

விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்யும் கேமரா, ஒரு மணி நேரத்தில் 45 ஜி.பி. இடம் பிடிக்கும். இரண்டு கேமரா நான்கு மணி நேரம் ஓடினால் 360 ஜி.பி.!

இவ்வளவையும் ஒரே டிஸ்க்கில் வைப்பது ஆபத்து. டிஸ்க் கெட்டால் கல்யாணமே காணாமல் போகும். தனி டிஸ்க்கில் ஒரு நகல் கட்டாயம் வேண்டும். கரண்ட் போனால் வேலை பாழாகாமல் இருக்க யு.பி.எஸ்.சும் வேண்டும். பகட்டான கார்டை விட இவை இரண்டும் முக்கியம்.

கடைக்குப் போகும்போது

இந்தப் பக்கத்து மக்களுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு கிட்டத்தில் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவும் உண்டு. எங்கே போனாலும், தாம் எடுத்த வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும். கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வைகாசியில் முகூர்த்தம் குவியும். கையில் பணம் புரளும். தவணைக்கு வாங்கத் தோன்றும். ஆனால், ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்!

ஆடி மாதத்திலும் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால், தாராளமாக வாங்கலாம். முடியாது என்றால், எத்தனை சக்தி வாய்ந்த கம்ப்யூட்டரும் அந்தக் குடும்பத்துக்குப் பாரமே.